இருபத்தொரு நாள் தண்ணீர்

“ஏழு நாள் போதும்னு கொத்தனாரு சொல்லுதாரு. நீரு இருபத்தொரு நாள் கான்கிரீட் தளத்துக்குத் தண்ணி விடச் சொல்லுதீரு! எம் மகளுக்கு வேற சோலி இல்லையா?”

பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளியின் சத்தம் எங்கள் அடுக்களை வரை கேட்டது.

“விரிசல் விட்டா என்னயச் சொல்லக்கூடாது ஆச்சி,” என்றான் இன்ஜினியர் சுடலைராஜ்.

அதில் அவள் அடங்கிவிட்டாள். மாடி எழும்பினால்தான் கல்யாணம் என்று பாவூர்சத்திரத்துப் போலீஸ் மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

மகள் முத்துச்செல்வி காலையும் மாலையும் மாடிக்குப் போய்த் தண்ணீர் விட்டாள். தளத்தின்மேல் தண்ணீர் தேங்கக் கட்டிய பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா என்று சுடலைராஜும் இரண்டு வேளையும் வந்து பார்த்தான். இப்படிப் பொறுப்பான இன்ஜினியரைத் தென்காசி வட்டாரத்திலேயே நான் கண்டதில்லை.

இருபத்திரண்டாம் நாள் இருவரையும் காணவில்லை.

“எந்நேரமும் சன்னல்லயே நிப்பியே, ஒரு வார்த்த சொன்னியாட்டி?” என்று ஆனந்தவள்ளி என்மேல் பாய்ந்தாள்.

“மூணு வாரமா குத்தாலச் சாரல் விடாமக் கொட்டுது. கொடையப் பிடிச்சிக்கிட்டு ஒருத்தி தளத்துக்குத் தண்ணி விடுதா. ஒனக்கே தோணலியா?” என்றேன்.

தளத்தில் இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. ஆடி மாதம் என்றுகூடப் பார்க்காமல் தாலி கட்டிக்கொண்டு இருவரும் வடகரைக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே ஓட்டு வீடுதானாம்.