நான் எடுத்த மோட்டார் வகுப்பு

இருபத்திரண்டு பெண்கள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்காக ஒரு கூட்டமே காத்திருந்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

பயிற்சிக்கூடத்து மேஜைமேல் ஒரு பழைய தண்ணீர் மோட்டார். பக்கத்தில் பயிற்சியாளர், அதாவது என் மனைவி.

ஆறு மாதம் டவுனுக்குப் போய் மோட்டார் ரிப்பேர் படித்துவிட்டு வந்தவள், இப்போது சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் எங்கும் போய்ப் படிக்காத மெக்கானிக். இருபது வருஷமாக இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் என் கை படாத மோட்டார் இல்லை. நான் சரிபண்ணியவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னையே தேடி வந்துவிடும், அவ்வளவு பாசம்.

அவள் படிக்கப் போனபோது, "புத்தகத்தைப் பாத்து எந்த மோட்டாராவது ஓடுமா?" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் நான். அதனால் நேற்று அவளே வந்து, "என்னங்க, நாளைக்கு வகுப்புல ஒரு மோட்டாரைக் கழட்டி மாட்டிக் காட்டுறீங்களா?" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்பவாவது தெரிஞ்சுதா, அனுபவம்னா என்னன்னு?"

"தெரிஞ்சுது. ஆனா ஒண்ணு. தோட்டத்துல எப்படிச் செய்வீங்களோ, அப்படியே செய்யணும். எங்களுக்காக எதையும் மாத்திடாதீங்க."

கூடத்துக்கு இன்னொரு பயிற்சியாளரை எடுக்கப்போவதாகப் பேச்சு. அந்த வேலை எனக்குத்தான் என்று முடிவுகட்டி, காலையில் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தேன்.

ஆரம்பித்தேன். செருப்போடு நின்றால் எனக்குக் கை ஓடாது, கழற்றி ஓரமாகப் போட்டேன். வயர் முனையைப் பல்லால் கடித்து உரித்தேன். "கரண்ட் வருதான்னு இப்படித்தான் பாக்கணும்" என்று புறங்கையால் தொட்டுக் காட்டினேன்.

ஒன்றும் இழுக்கவில்லை. மனைவி ஃபியூஸ் கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கைக்கு உதவியாக நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேரிங் உள்ளே போக அடம்பிடித்தது. ஸ்பானராலேயே நாலு போடு போட்டேன். ஒவ்வொரு போட்டுக்கும் இருபத்திரண்டு பேனாக்கள் ஓடின.

"அண்ணே, கொஞ்சம் மெதுவாச் செய்யுங்க. எழுதி முடியலே" என்றாள் ஒருத்தி.

"அவசரமே இல்லம்மா. ஒண்ணு விடாம எழுதிக்க" என்றேன் பெருந்தன்மையாக.

மேஜையில் இன்சுலேஷன் டேப் இருந்தது. அதெல்லாம் படித்தவர்களுக்கு. நான் ஒரு பாலித்தீன் பையைக் கிழித்து வயரில் சுற்றினேன். எல்லாம் மாட்டிய பிறகு இரண்டு நட்டு மிஞ்சியது. சட்டென்று அவற்றைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். முன்வரிசைக்காரி ஒருத்தி அதையும் குறித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"ஓட்டிக் காட்டட்டுமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"வேண்டாங்க. இதுவே போதும்."

ஓட்டிப் பார்க்காமலே நம்புகிறாளே! கட்டியவள் வாயால் இப்படி ஒரு வார்த்தை கேட்க இருபது வருஷம் ஆகியிருக்கிறது. பெண்கள் கைதட்டினார்கள். நாளைக்கு எந்த மோட்டாரை எடுப்பது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மனைவி சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

"பரீட்சை நேரம் முடிஞ்சுது. இவரு பண்ணின தப்பு மொத்தம் எத்தனை?"