கம்பியில் கட்டிய கைக்குட்டை

அந்தக் கிதார்காரனின் ஷூ லேஸ் அவிழ்ந்து கிடக்கிறதே, தடுக்கி விழுந்து தொலைத்தால்? மேடைக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி அம்மாவுக்கு இதே கவலை. ஊர் ஊராகப் போய்ப் பாடும் ராக் குழு. மகளுக்கு அவர்கள் என்றால் உயிர். அம்மா துணைக்கு வந்தவள். ரயிலைப் பிடிக்கப் போகிறவள்போலக் கதவு திறக்கும் முன்பே வந்து, கம்பியில் கைக்குட்டையைக் கட்டி இடம் பிடித்துவிட்டாள். தோழிகளோடு ஸ்டைலாகத் தாமதித்து வந்த மகளுக்குக் கிடைத்தது கடைசித் தூணின் மறைவு. டிரம் அதிர அதிரக் கம்பியும், அம்மாவின் வளையலும், கட்டிய பல்லும் சேர்ந்து அதிர்கின்றன. காதில் வைத்த பஞ்சு எங்கோ விழுந்துவிட்டது, அவள் தேடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம், வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே என்று எந்த இடத்தையும் கேட்டதும் விட்டுக்கொடுத்தே பழகியவள். பாட்டு முடிந்த இடைவெளியில் கிதார்காரனுக்குக் காலைச் சுட்டிக்காட்டுகிறாள். அவன் குனிந்து லேஸைக் கட்டிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து அவளுக்கு நன்றி சொல்கிறான். கூட்டத்தைப் பிளந்து வியர்க்க விறுவிறுக்க வந்துசேர்ந்த மகள் இதைப் பார்த்து வாயைப் பிளக்கிறாள். "அம்மா, பின்னாடி நாற்காலி காலியா இருக்கு. உனக்கு முட்டி வலிக்கும்ல? நீ போய் உக்காரு, நான் இங்க நிக்கிறேன்." "வலிக்கலையே." "உனக்கு இதுல ஒரு பாட்டாவது தெரியுமா?" "தினமும் பாத்ரூம்ல நீ கத்துறியே, எல்லாம் மனப்பாடம்டி." "ப்ளீஸ்மா, ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும்." நீல வெளிச்சம் அம்மாவின் நரையில் வழிகிறது. கைக்குட்டையின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாட்டேன் கண்ணு," என்கிறாள் மெதுவாக.