பல்லால் கிழித்த டேப்

"இது கையா? எலி கடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

சுகுணா டீச்சர் அந்த டேப் கையைத் தூக்கிக் காட்டியதும் வகுப்பே சிரித்தது. செவந்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் செய்த கை அது.

அன்னவாசல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பு. பேக்கிங் டேப்பில் சிற்பம் செய்கிற வேலையை யூடியூபில் பார்த்துவிட்டு சுகுணாதான் ஓவிய வகுப்புக்குக் கொண்டுவந்தாள். பசைப் பக்கம் வெளியே இருக்கிற மாதிரி கையில் ஒரு சுற்று. அதற்கு மேல் பசை உள்ளே இருக்கிற மாதிரி இன்னும் சில சுற்று. அழுத்தித் தேய்த்து, ஓரமாகக் கத்தரித்து, கையை உருவிக்கொண்டு, வெட்டின இடத்தை ஒட்டிவிட்டால் கண்ணாடி மாதிரி ஒரு கை நிற்கும். ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. அதனால் ஜோடி ஜோடியாகச் செய்யச் சொல்லியிருந்தாள்.

எல்லாக் கைகளையும் கோத்து, 'கைகோத்த வகுப்பு' என்று பேர் வைத்து, புதுக்கோட்டைக் கண்காட்சிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. நன்றாக வராத கை போகாது.

ஜோடி, அட்டெண்டன்ஸ் வரிசைப்படி. சரண்யாவுக்கு செவந்தி. சரண்யா, சுகுணா பெற்ற மகள். செவந்தி காலனியிலிருந்து வருகிற பிள்ளை. ஒங்க பொண்ணுக்கு வேற ஜோடி கெடைக்கலையா என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சரம்மா இழுத்தபோது, என் வகுப்பில் அந்தப் பேச்செல்லாம் ஆகாது என்று சுகுணா முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தன்னை நினைத்தே பெருமை. இருக்காதா பின்னே.

அப்படி ஜோடி சேர்த்துவிட்டும் இந்தப் பிள்ளை இப்படிச் செய்துவிட்டதே என்பதுதான் ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை சரண்யா வந்து, செவந்திக்கு நேரமில்லையாம், நீயே சுத்திவிடும்மா என்று கையை நீட்டினாள். அடுப்பு வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சுற்றிவிட்டாள் சுகுணா. மகளின் கை இப்போது மேசையில் பளபளவென்று இருந்தது. செவந்தியின் கையோ கோணல்மாணல். கட்டைவிரல் நசுங்கி, டேப் முனையெல்லாம் பிய்ந்து பிசிறு தட்டி, அள்ளித் தெளித்த கோலமாக இருந்தது.

"கூடப் படிக்கிற பிள்ளைக்குச் சுத்திவிடத்தான் நேரமில்ல. ஒன் கையவாச்சும் ஒழுங்கா செஞ்சியா?"

செவந்தி வாயே திறக்கவில்லை. அந்த அழுத்தம் சுகுணாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இது கண்காட்சிக்குப் போகாது என்று சொல்லி, குப்பைக்கூடை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. தன் கை புதுக்கோட்டைக்குப் போகிறதென்று அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். முனகலாகத்தான் சொன்னாள்.

சுகுணாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒட்டிச் சரிபண்ண முடியுமா என்று மறுபடி கையில் எடுத்துப் பார்த்தாள். டேப் முனைகளில் சின்னச் சின்னப் பள்ளங்கள். அத்தனையும் பல் பதிந்த தடம்.

"கத்தரிக்கோல் என்னாச்சு?"

"இருந்துச்சு டீச்சர். எடது கையச் சுத்துறேன், வலது கையில டேப்பு இருக்கு. எதுல வெட்டுறது? அதான் பல்லால கிழிச்சேன்."

"அதுக்குத்தானே ஜோடி? சரண்யாவ வெட்டிவிடச் சொல்றதுக்கு என்ன?"

செவந்தி தரையைப் பார்த்தாள். முதல் பெஞ்சில் சரண்யாவும் தரையைப் பார்த்தாள். பெற்ற வயிற்றுக்குத் தெரியாதா? மகளை எழுப்பி, என்ன நடந்தது என்று கேட்டாள்.

"நான்தாம்மா... என்னயத் தொடாதன்னு சொன்னேன்."

சுகுணா கையை ஓங்கினாள். "யாருடி ஒனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

சரண்யா தேம்பினாள்.

"சார்ட்டு எழுத எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்தாங்கள்ல? எல்லாருக்கும் சில்வர் டம்ளர்ல தண்ணி குடுத்த. இவளுக்கு மட்டும் பேப்பர் கப்புல குடுத்தியேம்மா."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அன்றைக்கு அந்தக் கப்பைத் தேடி எடுத்ததும், செவந்தி போன பிறகு அதைக் கசக்கிப் போட்டதும் சுகுணாவுக்கு நன்றாக ஞாபகம் வந்தது.

செவந்திதான் எழுந்து மேசைக்கு வந்தாள்.

"சரண்யாவ அடிக்காதீங்க டீச்சர். நான் வேற செஞ்சுட்டு வாரேன்."

சொல்லிவிட்டு, டீச்சரின் விரலில் தன் விரல் பட்டுவிடாமல் பார்த்து, அந்த டேப் கையை நுனியில் பிடித்து வாங்கிக்கொண்டாள்.