எதிர்வீட்டுப் பின்னல்

ரத்தப் பரிசோதனை லேபில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள்.

வெறும் வயிறு என்றால், உள்ளே போன ஒரு மாத்திரையைத் தவிர.

பக்கத்து நாற்காலியில் எதிர்வீட்டுச் சாருலதா. அவள் பின்னல் நாற்காலியைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. லேபைக் கூட்டுகிறவர்கள் அதை ஒதுக்கிவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

இருவருக்கும் தைராய்டு. எங்கள் குடியிருப்பில் அது இல்லாதவர்கள் ஆண்களும் பூனையும்தான்.

ஒரே வியாதி. ஒரே டாக்டர். அவளுக்குத் தலை நிறைய முடி. இவளுக்குச் சீப்பு நிறைய.

என்ன தேய்க்கிறாய் என்று கேட்டபோது, "தேங்காய் எண்ணெய்தான்க்கா" என்றாள் சாருலதா. யார் நம்புவார்கள்? உறைமோர் வாங்கப் போன சாக்கில் இவள் அந்த வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒரு கண்ணை ஓட்டினாள். முடிக்கான மாத்திரை. பெயரை மனப்பாடம் செய்ததில் மோரை மறந்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து விழுங்குகிறாள். இன்று காலையிலும். கட்டிய புருஷனுக்கே தெரியாது. எங்களுக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரர் பேச்சுத்துணைக்கு ஏங்குகிற மனிதர்.

ரத்தம் எடுக்கும் பெண் முதலில் சாருலதாவைக் கூப்பிட்டாள்.

"தைராய்டு மாத்திரை போட்டுட்டீங்களா?"

"இல்லைங்க. ரத்தம் குடுத்துட்டுத்தான்."

"முடிக்கு, நகத்துக்குன்னு பயோட்டின் ஏதாவது எடுக்கிறீங்களா? அது உடம்புல இருந்தா ரிசல்ட் தப்பாக் காட்டும்."

இவள் முகத்தில் வெளிச்சம். மாட்டிக்கொண்டாள் சாருலதா.

"எடுக்கிறேங்க. டாக்டர் சொன்னாரு, போன வாரமே நிறுத்திட்டேன்."

கூசாமல் சொன்னாள். கையைக் கொடுத்தாள். பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தாள். போகவில்லை. அங்கேயே நின்றாள்.

இவள் முறை.

கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மோதிரம் விரலை விட்டுக் கழல மறுக்கிறது. தைராய்டு மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை இந்த ரிசல்ட்டைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்லப்போகிறார்.

"நீங்க முடிக்கு ஏதும் எடுக்கிறீங்களாம்மா? எடுத்தா இன்னிக்கு வேண்டாம். நிறுத்திட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு வாங்க."

சாருலதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்."

ஊசி இறங்கியது.

"குடுத்து வச்சவங்கக்கா நீங்க" என்றாள் சாருலதா. "என்னுது மாத்திரை முடி. நிறுத்தினதுமே கொட்ட ஆரம்பிச்சிருச்சு. உங்களுது, இருக்கிறது கொஞ்சம்னாலும் சொந்த முடி."

இவளுடைய சுண்டைக்காய்க் கொண்டையை அவள் ஏக்கத்தோடு பார்த்தாள். மெய்யான ஏக்கம்.

குழாயில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

நானும் மாத்திரை போடுறேன், ரத்தம் எடுக்காதீங்க என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது.

அந்தப் பெண் இரண்டாவது குழாயை மாட்டினாள்.

இவள் தலையை நிமிர்த்தி, கையை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தாள்.