முதல் பக்கத்தில் பெயர்

ஓடைப்பட்டிக்குப் போகும் வழியில் பாலம் இடிந்து, திராட்சை பறிக்கப் போன பெண்களோடு வேன் கவிழ்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நிருபர் எப்சிபாவுக்கு ஒரு வரிகூட எழுத வரவில்லை. உள்ளே பிணமாகக் கிடந்த அனுசுயா அவளோடு படித்தவள்.

அனுசுயாவின் அம்மா கஸ்தூரியம்மாள் எப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "பேப்பர்ல எழுது தாயி. அந்தப் பாலத்த ஒருத்தரும் கண்டுக்கிடலன்னு எழுது!"

போன் அடித்தது. பத்திரிகையின் மதுரை செய்தி டெஸ்கிலிருந்து உதவி ஆசிரியர் சசிதரன்.

"எப்சிபா, நாளைக்கு முதல் பக்க லீடு நியூஸ் உன்னோடதுதான். பைலைன், பைலைன்னு கேட்டுக்கிட்டே இருந்தேல்ல? உன் பேரு பெருசா வருது."

"சார், நான் இன்னும் ஒண்ணுமே அனுப்பலையே..."

"வேணாம்மா, டெட்லைன் நெருங்கிருச்சு. அந்தப் பாலத்தப் பத்தி மழைக்கு முன்னாடியே அனுப்பியிருந்தியே, விளம்பரம் நெறைய வந்து, இடமில்லன்னு ஹோல்டு பண்ணி வச்சோமே, அது அப்படியே கெடக்கு. விரிசல் போட்டோ, ஊர்க்காரக பேச்சு எல்லாம் அதுலயே இருக்கு. செத்தவக பேர மட்டும் சேத்தாச்சு."

"தலைப்பு சார்?"

"அதுவும் உன்னோடதுதான். 'இடிந்து விழும் பாலம்'னு நீ வச்சிருந்த. 'விழுந்த'ன்னு மட்டும் மாத்திட்டோம்."