அண்ணிக்கே சுலபம்

"எனக்கு வேண்டாம் தம்பி. வேற யாரையாவது வெச்சுப் பாருங்க" என்றாள் அண்ணி, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல்.

"அவ அப்படித்தான் சொல்லுவா. நீ உட்கார வைடா" என்றான் அண்ணன்.

அந்த வீட்டில் அது வழக்கம்தான். வெளிச்சம் போதாது, தையல் மெஷினை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்த வேண்டாம் என்று அண்ணி போன வருடம் சொல்லிப் பார்த்தாள். இப்போது ஜன்னலோரத்தில் தம்பியின் கணினி இருக்கிறது. மெஷின் நடையில் இருக்கிறது.

தம்பிக்கு அன்று வாழ்வா சாவா. அவனைப் போல ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் சில கிறுக்கர்கள் குழுவாகக் கூலி வாங்காமல் எழுதும் டேட்டாபேஸ் ஒன்று, தகவல்களைச் சேர்த்து வைத்துக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். ஆனால் வீட்டுக் கணினியில் அதை இன்ஸ்டால் செய்வதற்குள் உயிர் போய் உயிர் வரும். அதைச் சுலபமாக்கும் வேலையைத் தம்பி தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டான். கேள்விகளை வெட்டி வெட்டி, திரைக்கு ஒரு கேள்வி, 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான், அவ்வளவுதான் என்று கொண்டுவந்துவிட்டான். கணினி தெரியாத ஒருவர் துணையில்லாமல் செய்து காட்டினால் இன்றே வெளியிடலாம், இல்லாவிட்டால் அதை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவரும் யோசனையையே மறந்துவிடலாம் என்று குழுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்பது விதி. அண்ணியை உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, தம்பி நடையில் நகம் கடித்தான்.

நகம் தீருமுன் கதவு திறந்தது. "முடிஞ்சுதுன்னு வந்திருக்கு. நான் போகட்டுமா?"

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே ஓடி எதையோ தட்டிப் பார்த்தான். டேட்டாபேஸ் டாண் டாண் என்று பதில் சொன்னது. படித்தவர்களே பாதியில் தலையில் கை வைத்த வேலை! அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. தலைவருக்குச் சொன்னான், அவர் அப்போதே வெளியிட்டுவிட்டார். எங்கெங்கோ இருந்தவர்கள் இறக்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அண்ணியின் காலில் விழாத குறை. "ஒரு இடத்துலகூடத் தடுமாறலையே, எப்படி அண்ணி?"

"தடுமாற என்ன இருக்கு? எதையாவது கெடுத்துடுவேனோன்னு பயம். அது கேட்டதுக்கெல்லாம் 'வேண்டாம்'னே அமுக்கிட்டு வந்தேன்."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. உலகத்தில் இந்நேரம் யார் யாரெல்லாம் 'வேண்டாம்' அழுத்திக்கொண்டிருக்கிறார்களோ! பாராட்டு மேல் பாராட்டாகப் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"வேண்டாம்னா அது அங்கேயே நின்னிருக்கணுமே அண்ணி..."

நடை இருட்டில் ஊசியின் காதைத் தேடிக்கொண்டிருந்த அண்ணி நிமிரவில்லை.

"நான் வேண்டாம்னு சொல்லி இந்த வீட்டுல எது தம்பி நின்னிருக்கு? அதுவும் இங்கே செஞ்சதுதானே?"