தொண்ணூறு டிகிரி சூடு

"தொண்ணூறு டிகிரி! புதுசா மூணு ஃபேன் போட்டும் சூடு இறங்க மாட்டேங்குது" என்றார் அவர், மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு வருடமாக அவருக்கு ஆபீஸே இந்த அறைதான். கம்ப்யூட்டரின் சூட்டை மணிக்கொரு தடவை நோட்டில் குறித்து வைத்திருந்தார்.

மெக்கானிக் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினான்.

"எத்தனை ஃபேன் போட்டு என்ன சார்? காத்து உள்ளே போற வழியே அடைச்சுக் கிடக்கு."

முன்பக்க வலையிலிருந்து அவன் பிய்த்து எடுத்ததில் தூசி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கொத்துக் கொத்தாக நீள முடி.

அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். குளித்துவிட்டு வந்தவள் போலத் தலையில் துண்டு சுற்றியிருந்தாள்.

"இந்த ரூம்ல தலை வாராதேன்னா கேட்கிறியா? இது வெந்துபோச்சுன்னா என் வேலை என்ன ஆகும்?" திரும்பிப் பார்க்காமலே கத்தினார்.

"நான் தலை வாரி மூணு மாசமாச்சுங்க."

"அப்புறம் இத்தனை முடி எங்கிருந்து வந்துச்சு?"

"இங்கே பெருக்கும்போதெல்லாம் தானா கொட்டுச்சு. மருந்து ஏத்தினா கொட்டும்னு டாக்டர் முன்னாடியே சொன்னார். கேன்சர்னு தெரிஞ்ச அன்னிக்கே உங்ககிட்ட வந்து சொன்னேன். காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு 'சரி சரி'ன்னீங்க."

அவர் அப்போதுதான் திரும்பினார்.

அவள் துண்டை அவிழ்த்தாள். மெக்கானிக் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

"கவலைப்படாதீங்க" என்றாள் அவள். "இனிமே அடைக்காது."